பட்டறை கேள்வி–பதில்: வீட்டில் ஒரு நீராவி எஞ்சின்

சிறிய நீராவி எஞ்சின்களை வீட்டுப் பட்டறையிலேயே செய்ய முடியும் என்று சென்ற இதழில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் பெரும்பாலானவை எஞ்சினைப் பற்றியவை. கொதிகலனைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆனாலும் பதில்களில் கொதிகலனுக்கும் அதில் ஊற்றும் தண்ணீருக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எஞ்சினில் பிழை நேர்ந்தால் எஞ்சின் நிற்கும். கொதிகலனில் பிழை நேர்ந்தால் பக்கத்தில் நிற்பவருக்கு உயிராபத்து.

ஐயா, ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் டர்னராக வேலை செய்கிறேன். வீட்டில் ஒரு சிறிய லேத்தும் டிரில்லிங் எந்திரமும் வைத்திருக்கிறேன். மில்லிங் எந்திரம் இல்லை. முதல் எஞ்சினாக எதைச் செய்யலாம்? அதற்கு வார்ப்புகள் வாங்கியாக வேண்டுமா?
— ஓசூர் வாசகர்

உங்கள் கைத்தொழிலுக்கு இது கடினமான வேலையே இல்லை. முதல் எஞ்சினாக, சிலிண்டரே ஒரு முளையைச் சுற்றி இருபக்கமும் ஆடும் வகையைச் செய்யுங்கள். அதில் தனி வால்வு கிடையாது. சிலிண்டர் ஆடும்போது அதன் பக்கத்திலுள்ள துளை, நிலையான தகட்டிலுள்ள உள்வழித் துளைக்கும் வெளிவழித் துளைக்கும் மாறிமாறி நேராக வந்து நிற்பதால் நீராவி உள்ளே போவதும் வெளியேறுவதும் தானாகவே நடக்கிறது. வார்ப்பு எதுவும் தேவையில்லை. சிலிண்டருக்குக் கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) அல்லது பித்தளைக் கட்டை, கிராங்க் தண்டுக்கு வெள்ளிக் கம்பி என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் தீட்டிய எஃகுக் கம்பி, ஃப்ளைவீலுக்கு ஒரு வார்ப்பிரும்புத் துண்டு ஆகியவை போதும்.

துளைகளின் இடத்தை மட்டும் கண்ணளவில் குறிக்காமல் கணக்கிட்டுக் குறியுங்கள். கிராங்கின் ஆரம் 10 மில்லிமீட்டர் என்றும், சிலிண்டர் ஆடும் முளைக்கும் கிராங்க் தண்டின் மையத்துக்கும் இடையே 50 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், சிலிண்டர் நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய பதினொன்றரை பாகை சாயும். முளையிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி சிலிண்டரில் துளையிட்டால், அந்தத் துளை இருபக்கமும் 3 மில்லிமீட்டர் நகரும். ஆகவே தகட்டின் இரண்டு துளைகளும் நடுக்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எல்லாத் துளைகளின் விட்டமும் 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக, சொல்லப்போனால் இரண்டரை மில்லிமீட்டராக இருந்தால்தான் நடுநிலையில் வழி முழுவதும் அடைபடும். விட்டம் பெரிதானால் உள்வழியும் வெளிவழியும் ஒரே நேரத்தில் திறந்து நீராவி வீணாகும்.

ஒன்றன்மேல் ஒன்று உரசும் இரண்டு முகங்களையும் தடித்த கண்ணாடியின் மேல் நைசான எமரித் தாளை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். எஞ்சின் ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் இந்த ஒரு வேலையில் இருக்கிறது. இந்த வகையில் சிலிண்டரைத் தகட்டோடு அழுத்திப் பிடிப்பது ஒரு சுருள்வில்தான். அழுத்தம் கூடினால் வில் விலகி நீராவி கசிந்துவிடும் என்பதால் 1 அல்லது 2 பார் அழுத்தத்துக்குமேல் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) எதிர்பார்க்காதீர்கள். இது நன்றாக ஓடிய பிறகு, தனி வால்வு ஒன்று சறுக்கி நீராவி வழிகளைத் திறந்து மூடும் ஸ்லைட் வால்வு எஞ்சினுக்குப் போகலாம்.

எஞ்சின் வேலை முடிந்துவிட்டது ஐயா. கொதிகலனுக்கு மூன்று யோசனைகள் இருக்கின்றன: வீட்டிலுள்ள பழைய செப்புக் குடம், பழைய பிரஷர் குக்கர், அல்லது வெல்டிங் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைக் கொடுத்துச் செய்து வாங்குவது. இவற்றில் எது நல்லது?
— தருமபுரி வாசகர்

மூன்றையும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லுவேன். காரணங்களையும் சொல்ல வேண்டும்.

செப்புக் குடம் தண்ணீர் மொள்வதற்காகத் தட்டிச் செய்யப்பட்டது. தகட்டின் தடிமன் இடத்துக்கு இடம் வேறுபடும். கழுத்தும் அடியும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரியாது. பிரஷர் குக்கர் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில், 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சமைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் மூடி, ரப்பர் வளையம், வெயிட், பாதுகாப்பு வால்வு எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பில் நாம் துளைபோட்டுக் குழாய் பொருத்தினால் செய்தவர்கள் போட்ட கணக்கு செல்லாமல் போகிறது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்கவும் அதில் வழியில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றிப் பலருக்கு நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் காணப்படும் குளோரைடு, சூடான நிலையில், இழுவிசையில் இருக்கும் அந்த எஃகில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடியது. வெடிப்பு வெளியே தெரியும் முன்பே உள்ளே ஓடியிருக்கும்.

சிறிய கொதிகலனுக்கு ஏற்றது நீளவாக்கில் மூட்டு இல்லாத (சீம்லெஸ்) செப்புக் குழாய். 75 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் தடிமன், 3 பார் வேலை அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கடையில் சொல்லும் கணக்கில் இது ஏறக்குறைய 44 பவுண்டு. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால், குழாயின் சுவரில் சதுர மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன் இழுவிசை வருகிறது. பதப்படுத்திய செம்பு ஏறக்குறைய 200 நியூட்டன்வரை தாங்கும் என்பதால், எட்டு மடங்கு பாதுகாப்பு வைத்தாலும் குழாய்க்குக் கவலையில்லை.

கவலைக்குரிய இடம் இரண்டு முனைகளிலும் உள்ள தட்டையான மூடிகள். அதே 75 மில்லிமீட்டர் வட்டத்தின்மேல் 3 பார் அழுத்தம் ஏறக்குறைய 135 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். தட்டையான தகடு அதைத் தாங்காமல் உப்பும். அதனால் மூடிகளைக் குழாயைவிடத் தடித்த தகட்டில், விளிம்பை மடித்துச் செய்து, ஒரு மூடியிலிருந்து மறு மூடிவரை ஓடும் தாங்கு கம்பியால் இரண்டையும் பிணைக்க வேண்டும். விளிம்பு மடிக்கும்போது செம்பு அடிபட்டு இறுகிக்கொண்டே போகும்; அவ்வப்போது மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி இளக்கிக்கொள்ளுங்கள்.

இணைப்புகள் எல்லாம் வெள்ளிப் பற்று வைத்தே செய்யப்பட வேண்டும். ஈயப் பற்று 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். தண்ணீர் குறைந்து தகடு வெறுமையாகச் சூடேறினால் அந்த வெப்பம் நொடிகளில் வந்துவிடும். வெள்ளிப் பற்றுக்கு 600 பாகைக்கு மேல் வேண்டும். கடையில் வாங்கும்போது காட்மியம் இல்லாத கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் காட்மியப் புகை நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்ப்பவர்கள் செம்பை இணைப்பதில் கைதேர்ந்தவர்கள் என்பதால் அவர்களின் உதவியைக் கேட்பது நல்லதுதான். ஆனால் அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பாஸ்பரஸ் கலந்த கம்பி செம்போடு செம்பு சேர்ப்பதற்கு உரியது. இரும்போ எஃகோ சேரும் இடத்தில் அந்த இணைப்பு நொறுங்கும் தன்மையுடையதாகிவிடும். குழாய்களைத் திருகிப் பொருத்துவதற்காகக் கலனில் வைக்கும் மரையுள்ள வளையங்களை (புஷ்களை) பித்தளையில் செய்யாமல் கன்மெட்டலில் செய்யுங்கள். பித்தளையிலுள்ள துத்தநாகத்தைச் சூடான நீர் சிறிது சிறிதாக அரித்து எடுத்துவிட, மரை பஞ்சுபோலப் பலமிழந்து நிற்கும்.

கட்டி முடித்ததும் நெருப்பு காட்டும் முன் தண்ணீர்ச் சோதனை. கலனை விளிம்புவரை நிரப்பி, காற்று சிறிதும் இல்லாமல் வெளியேற்றி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தின் இரு மடங்குக்கு, அதாவது 6 பாருக்கு மெதுவாக ஏற்றி, அரை மணி நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் மூடிகளை வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். வீக்கம் நிலைத்திருந்தால் அந்தக் கலன் ஆகாது. சோதனைக்கு நேரமாகிறது என்று கம்ப்ரஸர் காற்றை ஏற்றிப் பார்க்கவே கூடாது. தண்ணீர் சுருங்காத பொருள் என்பதால் இணைப்பு விட்டுப்போனால் ஒரு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்று தன்னுள் ஆற்றலைச் சுருக்கி வைத்திருப்பதால் உலோகத் துண்டுகளை எறியும்.

எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் படிகிறது. சிறிய கொதிகலனில் இதையே ஊற்றினால் என்ன ஆகும்? ஏற்கெனவே படிந்திருப்பதை எப்படி நீக்குவது?
— பாலக்கோடு வாசகர்

வந்த கடிதங்களில் நம் மண்ணோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதை எல்லோரும் அறிவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும் ஃபுளோரைடைவிட, அதே நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகளே கொதிகலனுக்குப் பெரிய தொல்லை.

நீராவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. கரைந்திருந்த உப்பு முழுவதும் கலனிலேயே தங்குகிறது. ஒரு லிட்டரில் 1000 மில்லிகிராம் உப்புள்ள நீரில் 10 லிட்டரை ஆவியாக்கினால் 10 கிராம் உப்பு உள்ளே இருக்கும். அரை லிட்டர் கலனுக்கு இது மிக அதிகம். படிவம் வெப்பத்தைக் கடத்துவதில் செம்போடு ஒப்பிட முடியாத அளவு மந்தமானது; அதனால் எரிவாயு அதிகம் செலவாகும், தகடும் அளவுக்கு மீறிச் சூடேறும். உப்பு செறிந்த நீர் நுரைத்துப் பொங்கி, நீராவியோடு நீர்த்துளிகளையும் சிலிண்டருக்குள் அனுப்பும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது வேறு. நீர்மட்டக் கண்ணாடியின் மேல், கீழ் வழிகள் குண்டூசி அளவுக்குக் குறுகியவை. படிவத்தால் அவற்றில் ஒன்று அடைபட்டால், கலன் வற்றிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி பாதியளவு தண்ணீரைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கண்ணாடியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, மூடியதும் மட்டம் சட்டென்று மேலே வருகிறதா என்று பாருங்கள். தயங்கித் தயங்கி ஏறினால் வழி அடைபட்டு வருகிறது என்று பொருள். அந்த நிமிடமே நெருப்பை அணையுங்கள்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது? மழைநீர் மிக நல்லது. முதல் மழையைக் கழுவி ஓட விட்டு, அதற்குப் பிறகு மொட்டை மாடியிலிருந்து வரும் நீரைத் துணியில் வடித்துச் சேர்த்து வைத்தால், ஆண்டு முழுவதும் ஒரு சிறிய எஞ்சினுக்குப் போதும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரும் ஏற்றது. ஏசியிலிருந்து சொட்டும் நீரை வடிகட்டிப் பயன்படுத்தலாம். ஒகேனக்கல் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீரைவிடப் பெரும்பாலும் மென்மையானது என்றாலும் அதுவும் படிவம் விடும். வேறு வழியே இல்லாத நாளில் நீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேல் நீரை மட்டும் எடுத்துக்கொண்டால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியிலேயே தங்கிவிடும்.

ஏற்கெனவே உள்ள படிவத்துக்குச் சிட்ரிக் அமிலம் போதும். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் கரைத்துக் கலனை நிரப்பி, குமிழிகள் அடங்கும்வரை விடுங்கள். அந்தக் குமிழிகள் கார்பன் டை ஆக்சைடு என்பதால் திறப்புகளை மூடி வைக்காதீர்கள். பிறகு கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் ஒரு முறையும் வெறும் நீரால் பல முறையும் அலசுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை இதற்குத் தொடவே வேண்டாம்.

என் ஸ்லைட் வால்வு எஞ்சின் கம்ப்ரஸர் காற்றில் அழகாக ஓடுகிறது. நீராவி கொடுத்தால் இரண்டு சுற்றுச் சுற்றி, இறுகி நின்றுவிடுகிறது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். 25 மில்லிமீட்டர் விட்டம்.
— கிருஷ்ணகிரி வாசகர்

இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன். முதலாவது, காற்று குளிர்ந்தாலும் காற்றாகவே இருக்கும். நீராவி குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். அந்தத் தண்ணீர் பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் இடையே சிக்கினால், சுருங்காமல் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும். வலுவாக ஓடும் எஞ்சினில் கம்பியையே வளைத்துவிடும். சிலிண்டரின் இரு முனைகளிலும் வடிகால் திருகுகள் வைத்து, அவற்றைத் திறந்தபடியே நீராவியை மெல்ல விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, வெளியே வருவது தண்ணீராக இல்லாமல் வெறும் ஆவியாகும்வரை சூடேற்றுங்கள். நீராவிக் குழாயைக் குட்டையாக்கி, பருத்திக் கயிற்றைச் சுற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவடையும். 25 பாகையிலிருந்து 145 பாகைக்குப் போகும்போது 25 மில்லிமீட்டர் பிஸ்டன், தன் சிலிண்டரைவிட நூறில் மூன்று, நான்கு பங்கு மில்லிமீட்டர் கூடுதலாகப் பருக்கும். காற்றில் வழுக்கிச் சென்ற பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்வது இதனால்தான். பிஸ்டனை வார்ப்பிரும்பிலோ கன்மெட்டலிலோ மாற்றிச் செய்து, கிராஃபைட் கயிற்றுப் பேக்கிங் வையுங்கள். ஓ-ரிங் விரும்பினால் விட்டான் வகையை வாங்குங்கள். சாதாரண கறுப்பு நைட்ரைல் வளையம் இந்தச் சூட்டில் விரைவில் இறுகிவிடும்.

இவை சரியான பிறகும் ஓட்டம் சோர்ந்தால் கொதிகலன் போதவில்லை. 20 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் வீச்சும் கொண்டு, இருபக்கமும் நீராவி ஏற்கும் ஒரு சிலிண்டர், 2 பாரில் நிமிடத்துக்கு 300 சுற்று ஓடக் கணக்குப்படி நிமிடத்துக்கு 8 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். குளிர்ந்து வீணாவதைச் சேர்த்தால் நடைமுறையில் அது 16 கிராம் ஆகிவிடும். அதற்குத் தண்ணீருக்குள் போய்ச் சேர வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 700 வாட். சுடரின் வெப்பத்தில் பாதி வெளியே போவதால், அடுப்பு ஒன்றரைக் கிலோவாட் தர வேண்டும். உங்கள் எஞ்சின் இதைவிடப் பெரிது. இதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்.

சிலிண்டருக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய் ஊற்றலாமா?
— காவேரிப்பட்டணம் வாசகர்

தாங்குருளைகளுக்கும் கிராங்குக்கும் ஊற்றலாம், சிலிண்டருக்கு வேண்டாம். ஈரமான சூட்டில் அது நீர்த்து, தண்ணீரால் அடித்துச் செல்லப்படும். சிலிண்டருக்கென்றே கொழுப்பு சிறிது கலந்த கெட்டியான நீராவிச் சிலிண்டர் எண்ணெய் இருக்கிறது. அதை நீராவிக் குழாயின் ஓரத்தில் ஒரு சிறிய மூடிய கிண்ணத்தில் நிரப்பி, நுண்ணிய துளையால் குழாயோடு இணைத்தால், உள்ளே புகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் சேர, மேலே மிதக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள் தள்ளப்படும். ஓட்டம் முடிந்ததும் அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

வீட்டில் கொதிகலன் வைக்க அரசு அனுமதி வேண்டுமா?
— அரூர் வாசகர்

1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் வந்த கொதிகலன் சட்டமும், 25 லிட்டருக்குக் குறைந்த கலன்களைத் தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. நாம் பேசும் அரை லிட்டர், ஒரு லிட்டர் கலன்கள் அதில் வருவதில்லை. ஆகவே இவற்றைச் சோதிக்க அதிகாரி யாரும் வரமாட்டார். அந்தப் பொறுப்பு முழுவதும் செய்பவருடையது. சோதனை நடந்த தேதி, ஏற்றிய அழுத்தம், அளவுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பள்ளிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதானால் அந்த நோட்டும் கூடப் போக வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர்வரை ஓடிய பழைய சிறிய ரயிலின் எஞ்சினை, ஓடக்கூடிய மாதிரியாகச் செய்ய ஆசைப்படுகிறேன். என்ன அளவில் செய்யலாம்?
— மொரப்பூர் வாசகர்

நல்ல ஆசை. 1906-இல் தருமபுரிவரையும் 1913-இல் ஓசூர்வரையும் போடப்பட்டு, 1941-இல் மூடப்பட்ட அந்தப் பாதையின் தண்டவாள இடைவெளி 762 மில்லிமீட்டர். அதை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் சரியாக 127 மில்லிமீட்டர் வருகிறது. உலகெங்கும் மாதிரி நீராவி ரயில் செய்பவர்கள் பயன்படுத்தும் அளவுகளில் இதுவும் ஒன்று என்பதால் சக்கரம், பம்பு, அளவிகள் ஆகியவற்றின் வரைபடங்களைப் பொருத்திக்கொள்வது எளிது. அந்த அளவில் எஞ்சின் ஆளை இழுக்கும், கொதிகலனும் பெரியதாகும். அதற்கு முன் தரையில் நிற்கும் ஓர் எஞ்சினையும் அதன் கொதிகலனையும் செய்து, இரண்டு மூன்று ஆண்டுகள் பராமரித்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மூன்று, நான்கு மாதங்கள் எஞ்சினைத் தொட முடிவதில்லை. எப்படி எடுத்து வைப்பது? மீண்டும் ஓட்டும் முன் எதையெல்லாம் பார்ப்பது?
— பென்னாகரம் வாசகர்

கடைசி ஓட்டம் முடிந்து அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகு, கலன் சூடாக இருக்கும்போதே அடித் திருகைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். மீதியை அதே சூடு உலர்த்திவிடும். திருகுகளைத் திறந்தே வையுங்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, எல்லா இடமும் நனையச் செய்யுங்கள். வார்ப்பிரும்புச் சிலிண்டர் ஈரத்தோடு ஒரு வாரம் கிடந்தாலே துருப் பிடிக்கும்.

மீண்டும் எடுக்கும்போது பிரஷர் கேஜின் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, வேறொரு நம்பகமான கேஜோடு ஒப்பிடுங்கள். பாதுகாப்பு வால்வைக் கழற்றி, குண்டு இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். பிறகு எஞ்சினை இணைக்காமல், நீராவி வழியை மூடி வைத்து, அடுப்பை முழுவீச்சில் எரிய விட்டு, தள்ளி நின்று கேஜைக் கவனியுங்கள். குறித்த அழுத்தத்தில் வால்வு தானாகத் திறக்க வேண்டும். திறந்த பிறகு அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் முள் அந்தக் குறியைவிடப் பத்து விழுக்காட்டுக்குமேல் ஏறக் கூடாது. ஏறினால் வால்வின் வழி சிறியது. பெரிய வால்வு பொருத்தும்வரை அந்தக் கலனில் நெருப்பு மூட்டாதீர்கள்.